வலமா? இடமா? மூளை திசை தேரும் விதம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடை என்பது இசையும் நாடகமும் இலக்கியமும் மணக்கும் மேடை. அத்தகைய மேடையில், மருத்துவக் கல்லூரியில் உடலியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவனை ஏற்றிப் பேசச் சொன்னது நம் செயலாளரின் துணிவு. "மூளையைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் எங்கள் மூளையைக் குழப்பாமல் பேசுங்கள்" என்பது அவர் எனக்கு இட்ட ஒரே கட்டளை. இயன்ற அளவு அதற்குக் கீழ்ப்படிய முயல்கின்றேன்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் நான் முதன்முதலாக இந்த டில்லி மாநகருக்கு வந்தேன். கன்னாட் பிளேஸ் வட்டத்தில் கையில் ஒரு தகரப் பெட்டியுடன் நின்றேன். சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல வட்டத்திலிருந்து சாலைகள் பிரிந்து சென்றன. ஒவ்வொன்றும் மற்றதைப் போலவே வெள்ளைத் தூண்களுடன் தோன்றியது. கரோல் பாகில் இருந்த உறவினர் வீட்டிற்கு எந்தச் சாலையில் செல்வது? கேட்கலாம் என்றால் இந்தி தெரியாது. இரண்டு சாலைகளை மாறி மாறிப் பார்த்தேன். சற்றே தயங்கினேன். பிறகு கால்கள் ஒரு சாலையில் இறங்கிவிட்டன. அது தவறான சாலை என்பது வேறு செய்தி!

இங்கே வீற்றிருக்கும் பலருக்கும் இத்தகைய அனுபவம் இருக்கும். அந்தச் சிறு தயக்கத்தின்போது தலைக்குள் என்ன நிகழ்ந்தது? "இந்தப் பக்கம்" என்று முடிவு செய்தது யார்? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

அரசன் இல்லாத அரசு

நம் தலைக்குள் ஓர் அரசன் வீற்றிருக்கின்றான். கண்ணும் காதும் ஒற்றர்களைப் போலச் செய்தி கொணர்கின்றன. அவன் கேட்டு முடிவு செய்து கைகால்களுக்கு ஆணையிடுகின்றான். நாம் பெரும்பாலும் இவ்வாறே எண்ணிக்கொள்கின்றோம். ஆனால் மூளையை ஆராய்ந்தவர்கள் எங்குத் தேடியும் அந்த அரசனைக் காணவில்லை. அவர்கள் கண்டது ஒரு பெரிய ஊர்க்கூட்டத்தை.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒரு நரம்பணு இன்னொன்றுக்குச் செய்தி சொல்லும் மொழி மிக எளிது. அது சிறு சிறு மின் துடிப்புகளாகப் பேசுகின்றது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியன் என்னும் பேரறிஞர் 1926-ஆம் ஆண்டை ஒட்டி ஓர் உண்மையைக் கண்டார். ஒரு நரம்பிழையில் ஓடும் துடிப்புகள் யாவும் ஒரே அளவானவை. மெல்லத் தொட்டாலும் அழுத்தித் தொட்டாலும் துடிப்பின் உயரம் மாறுவதில்லை. மாறுவது ஒரு வினாடியில் எழும் துடிப்புகளின் எண்ணிக்கையே. கோயில் மணியை ஒரே ஓசையில் மெதுவாகவோ விரைவாகவோ அடிப்பதைப் போன்றது இது. ஏட்ரியனுக்கு 1932-இல் நோபெல் பரிசு கிடைத்தது. இந்த மணியோசையை எண்ணத் தெரிந்துகொண்ட பிறகே, முடிவெடுக்கும் மூளையை ஒட்டுக்கேட்க வழி பிறந்தது.

எங்கே காது வைத்துக் கேட்பது? அதற்கும் முன்னரே விடை கிடைத்திருந்தது. 1870-இல் ஜெர்மானியராகிய ஃபிரிட்ஷ், ஹிட்ஸிக் என்னும் இருவர், நாயின் மூளைப் புறணியில் ஒரு குறிப்பிட்ட பகுதியில் மெல்லிய மின்சாரம் செலுத்தினால் உடலின் எதிர்ப்பக்கத்துக் கால் அசைவதைக் காட்டினர். அப்பகுதியை நாம் இயக்கப் புறணி என்கின்றோம்.

எட்டுத் திக்குகள்

கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அப்போஸ்டலோஸ் ஜார்ஜோபூலோஸ் என்பவர் 1982-இல் தம் குழுவினருடன் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். ஒரு மேசையின் நடுவில் ஒரு விளக்கு; அதைச் சுற்றி வட்டமாக எட்டுத் திக்கிலும் எட்டு விளக்குகள். பயிற்சி பெற்ற குரங்கு ஒரு கைப்பிடியை நடுவில் பிடித்திருக்கும். சுற்றியுள்ள விளக்குகளில் ஒன்று எரிந்ததும் கைப்பிடியை அத்திசையில் நகர்த்த வேண்டும். அந்நேரத்தில் இயக்கப் புறணியின் நரம்பணுக்களை மயிரிழை போன்ற மின்முனைகளால் ஒவ்வொன்றாக ஒட்டுக்கேட்டனர்.

கிழக்கே செல்ல ஓர் அணு, மேற்கே செல்ல வேறோர் அணு என்று இருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? அவ்வாறு இல்லை. ஆராய்ந்த 323 அணுக்களில் 241 அணுக்கள் திசைக்கேற்பத் தம் துடிப்பை ஒழுங்காக மாற்றின. ஒவ்வோர் அணுவுக்கும் விருப்பமான திசை ஒன்று உண்டு. கிழக்கை விரும்பும் அணு, கை கிழக்கே செல்லும்போது மிக விரைவாகத் துடிக்கும். வடகிழக்கானாலும் தென்கிழக்கானாலும் சற்றுக் குறையும். வடக்கு அல்லது தெற்கு என்றால் இன்னும் குறையும். மேற்கு என்றால் மிகவும் அடங்கிவிடும்.

இதில் ஒரு சிக்கல் இருப்பதைக் கவனியுங்கள். அந்த அணு நடுத்தரமாகத் துடிக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். கை வடக்கே செல்லப் போகின்றதா, தெற்கே செல்லப் போகின்றதா? அந்த ஓர் அணுவைக் கேட்டால் சொல்ல இயலாது. ஆனால் கையோ தெளிவாக ஒரு திசையில் செல்கின்றது. தெளிவற்ற பலரிடமிருந்து இந்தத் தெளிவு எங்ஙனம் பிறந்தது?

திருவாரூர்த் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கானோர். ஒருவன் சற்று இடப்புறமாக இழுக்கின்றான். ஒருவன் சற்று வலப்புறமாக இழுக்கின்றான். சிலர் வலுவாக, சிலர் பெயரளவில். எந்த ஒருவனுடைய இழுப்பும் தேர் செல்லும் திசையை அப்படியே காட்டுவதில்லை. எல்லா இழுப்புகளின் கூட்டுப் பயனாகத் தேர் ஒரே திசையில் நகர்கின்றது. 1986-இல் ஜார்ஜோபூலோஸ் குழுவினர் காட்டியது இதையே. ஒவ்வோர் அணுவையும் அது விரும்பும் திசையில் வடம் இழுக்கும் ஆளாகக் கொள்க. அதன் துடிப்பின் வேகமே அதன் இழுப்பின் வலிமை. எல்லாவற்றையும் கூட்டினால் வரும் திசை, கை செல்லும் திசைக்கு மிக நெருங்கி அமைந்தது. கை அசையத் தொடங்குமுன்னரே அந்தத் திசையைக் கணக்கிட்டுக் கூற முடிந்தது!

இரண்டு வழிகள் ஒருங்கே

இதுவரை கண்டது முடிவான பின் திசை எவ்வாறு குறிக்கப்படுகின்றது என்பது. முடிவுக்கு முன், கன்னாட் பிளேஸில் நான் தயங்கிய அந்த நேரத்தில், என்ன நிகழ்கின்றது?

2005-இல் கனடாவின் மான்ட்ரியால் நகரில் பால் சிசெக், ஜான் கலாஸ்கா என்னும் இருவர் இதற்கு அழகிய சோதனை ஒன்றைக் கண்டனர். குரங்கின் முன் இரண்டு இலக்குகள் தோன்றும். ஒன்று சிவப்பு, மற்றது நீலம். இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் இருக்கும். எதை நோக்கிக் கையை நகர்த்த வேண்டும் என்பது அப்போது தெரியாது. சிறிது நேரம் கழித்து நடுவில் ஒரு நிறம் தோன்றும். அந்நிறமுள்ள இலக்கே சரியானது. இயக்கப் புறணிக்குச் சற்று முன்னே, அசைவுக்கு ஆயத்தம் செய்யும் பகுதியில் அவர்கள் ஒட்டுக்கேட்டனர்.

காத்திருந்த நேரத்தில் அங்கே இரண்டு கட்சிகள் ஒருங்கே குரல் கொடுத்துக்கொண்டிருந்தன. இத்திசையை விரும்பும் அணுக்களும் துடித்தன. அத்திசையை விரும்பும் அணுக்களும் துடித்தன. நடுவில் நிறம் தோன்றியதும் ஒரு கட்சியின் குரல் ஓங்கியது. மற்றதன் குரல் அடங்கியது. அதன் பிறகே கை சென்றது. முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு அசைவைத் திட்டமிடுகின்றது மூளை என்று முன்னர்க் கருதினர். இச்சோதனையில் மூளை இரண்டு வழிகளுக்கும் ஆயத்தமாகிக்கொண்டே எது சரி என்று பார்த்திருந்தது. ஆகவே தயக்கம் என்பது வெறுமை அன்று. இரண்டு ஆயத்தங்களின் போட்டி.

துலாக்கோலும் நீலகிரியும்

நடுவில் தோன்றும் நிறம் தெளிவான சான்று. வாழ்க்கையில் அத்தகைய சான்று எப்போதும் கிடைப்பதில்லை. மாலை மங்கலில் ஒரு கூட்டம் வலப்பக்கம் நகர்கின்றதா, இடப்பக்கம் நகர்கின்றதா என்று ஐயுறும்போது மூளை என்ன செய்கின்றது?

திரையில் எண்ணற்ற புள்ளிகள் தாறுமாறாகச் சிதறி அசையும். அவற்றுள் ஒரு சிறு பங்கு மட்டும் ஒரே திசையில் நகரும். அது வலமா, இடமா என்று கண்டு, குரங்கு தன் பார்வையை அப்பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும். வில்லியம் நியூசம், அந்தனி மோவ்ஷன் முதலியோர் 1980-களில் இச்சோதனையை வளர்த்தெடுத்தனர். எம்.டி. என்று குறிக்கப்படும் பகுதியின் அணுக்கள், காணும் பொருளின் அசைவுத் திசையைக் காட்டுவன. அவற்றுள் ஒரே திசையை விரும்பும் அணுக்கள் அருகருகே குழுமியிருக்கும். 1990-இல் நியூசமும் அவருடைய உடனுழைப்பாளர்களும் அத்தகைய ஒரு குழுவுக்கு நுண்ணளவு மின்சாரம் செலுத்தினர். உடனே குரங்கின் தீர்ப்பு அக்குழு விரும்பும் திசையின் பக்கம் சாய்ந்தது. அணுக்களின் துடிப்பு வெறும் உடனிகழ்ச்சி அன்று, தீர்ப்புக்கே காரணமாக நிற்பது என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

மனிதரிடத்தும் இதற்குச் சான்று உண்டு. 1983-இல் ஜெர்மனியில் ஒரு பெண்மணியைப் பற்றி மருத்துவர்கள் எழுதினர். மூளையின் பிற்பகுதியில் இருபுறமும் ஏற்பட்ட பழுதினால் அவருக்கு அசைவைக் காணும் திறன் மட்டும் போய்விட்டது. நிறம் தெரியும், உருவம் தெரியும், அசைவு தெரியாது. கோப்பையில் தேநீர் ஊற்றினால் அது உறைந்த பனியைப் போல நிற்பதாகத் தோன்றும். நிரம்பி வழிவதை அவர் அறியார். தெருவைக் கடக்க அஞ்சுவார். தொலைவில் நின்ற வண்டி திடீரென்று அருகில் நிற்கும். நம் டில்லித் தெருக்களை நாள்தோறும் கடக்கும் நாம், எத்தனை அணுக்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்!

எம்.டி. பகுதி சொல்லும் செய்தி கணத்துக்குக் கணம் தடுமாறும். அதைக் கூட்டிச் சேர்ப்பது எது? மைக்கேல் ஷாட்லன், நியூசம் ஆகியோர் புறணியின் பக்கச்சுவரில் எல்.ஐ.பி. என்னும் வேறொரு பகுதியை ஆராய்ந்தனர். வலப்பக்கப் பார்வைக்குரிய அணுக்களின் துடிப்பு, வலப்பக்கச் சான்று சேரச் சேரப் படிப்படியாக ஏறியது. சான்று தெளிவாயின் விரைந்து ஏறியது. மங்கலாயின் மெல்ல ஏறியது. 2002-இல் ரோய்ட்மன், ஷாட்லன் வெளியிட்ட ஆராய்ச்சியில் ஒன்று புலனாயிற்று. மெல்ல ஏறினாலும் விரைந்து ஏறினாலும், பார்வை திரும்புவதற்குச் சற்று முன் அந்தத் துடிப்பு ஏறக்குறைய ஒரே உயரத்தை எட்டியிருந்தது. தெளிவான அசைவுக்குத் தீர்ப்பு அரை வினாடிக்குள் வந்தது. மங்கலான அசைவுக்கு முக்கால் வினாடி வரையும் அதற்கு மேலும் ஆயிற்று. துலாக்கோலில் ஒவ்வொரு குன்றிமணியாக இட்டு, தட்டு ஒரு கோட்டைத் தொட்டதும் நிறுத்துவதைப் போன்றது இது.

மூளையைப் பாராமலே இம்முறையைக் கணிதத்தில் கண்டவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஆபிரகாம் வால்ட். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், போர்த் தளவாடங்களைச் சோதிக்கும் பொருட்டு அவர் ஒரு முறை வகுத்தார். இத்தனை பொருள்களைச் சோதிப்பது என்று முன்கூட்டியே வரையறுக்க வேண்டா. ஒவ்வொன்றாகச் சோதித்துச் சான்றைக் கூட்டிக்கொண்டே வருக. மேல் எல்லையைத் தொட்டால் ஏற்றுக்கொள்க. கீழ் எல்லையைத் தொட்டால் தள்ளுக. இடையில் இருந்தால் இன்னும் ஒன்றைச் சோதிக்க. குறைந்த சோதனையில் நம்பத்தக்க முடிவு தரும் முறை இது. மூளையும் ஏறத்தாழ இக்கணக்கையே போடுகின்றது என்பது பல ஆராய்ச்சியாளர் கருத்து.

அந்த வால்ட் நம் நாட்டிற்கு விருந்தினராக வந்தார். சொற்பொழிவுகள் ஆற்றிப் பயணம் செய்துகொண்டிருந்தபோது, 1950-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள், அவரும் அவர் மனைவியாரும் சென்ற விமானம் நீலகிரி மலையில் மோதி நொறுங்கியது. அவருக்கு வயது 48. உதகைக்கும் கோத்தகிரிக்கும் உல்லாசப் பயணம் செல்லும் நம்மவருள் எத்தனை பேர் இதனை அறிவர்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறிவியல் தன் கூற்றையே மீண்டும் சோதிக்கும் இயல்புடையது. 2016-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் எல்.ஐ.பி. பகுதியை மருந்தால் தற்காலிகமாக உறங்கச் செய்து பார்த்தனர். தீர்ப்பில் குறிப்பிடத்தக்க குறை ஏற்படவில்லை. எம்.டி. பகுதியை உறங்கச் செய்தபோது தீர்ப்பு பெரிதும் தடுமாறியது. ஆகவே தராசுத் தட்டு அந்த ஓரிடத்தில்தான் இருக்கின்றது என்று சொல்வதற்கில்லை. ஊர்க்கூட்டம் ஒரு மண்டபத்தில் மட்டும் கூடுவதில்லை போலும்!

ஒரு டம்ளர் காப்பி

அன்பர்களே, இவ்வளவும் ஆராய்ச்சிக் கூடத்துச் செய்திகள். எனக்கு இவை வெறும் செய்திகள் அல்ல. அதன் காரணத்தைச் சொல்லி முடிக்கின்றேன்.

நான் இங்கே வேலையில் இருந்தபோது, தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் இருந்த என் தந்தையார் பக்கவாதத்தால் வீழ்ந்தார். தந்தி போலத் தொலைபேசிச் செய்தி வந்தது. கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் ஏறி ஓடினேன். வலக்கை முற்றிலும் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. சில வாரங்கள் சென்றன. ஒரு நாள் காலை, திண்ணையில் அவர் அருகே காப்பி டம்ளர் இருந்தது. அவர் கண்கள் டம்ளரின் மேல் இருந்தன. கை மடியிலேயே கிடந்தது. "மனம் வைத்தால் தூக்கலாம், இவர் மனம் வைப்பதில்லை" என்று உறவினர் ஒருவர் கூறினார். நான் உடலியல் படித்தவன். நானும் அருகே சென்று, "அப்பா, கொஞ்சம் மனம் வைத்து முயலுங்கள்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கண்களில் நீர் தளும்பியது. அந்தப் பார்வையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

மனம் இல்லாமல் இல்லை. புறணியிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கும் பாதையே அறுந்திருந்தது. அறுந்த பாதைக்கு மேலே, டம்ளரின் திசையில் வடம் இழுக்கும் அணுக்கள் இழுத்துக்கொண்டேதான் இருந்திருக்கும். தேரோடு கட்டிய வடம்தான் அறுந்துவிட்டது. 2006-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்குச் சான்று. முதுகுத்தண்டு அறுபட்டு மூன்றாண்டுகள் கழிந்த ஒருவர், கையை அசைக்க எண்ணியபோது, அவருடைய இயக்கப் புறணி அணுக்கள் திசைக்கேற்பத் துடித்ததை அது காட்டியது.

2012-இல் அதனினும் பெரிய செய்தி வந்தது. மூளைத்தண்டில் ஏற்பட்ட வாதத்தால் கைகால் அசையாமல், பேச்சும் இழந்து ஏறத்தாழ 15 ஆண்டுகள் கிடந்த ஒரு பெண்மணி. அவருடைய இயக்கப் புறணியில், ஒரு சிறு மாத்திரை அளவேயான, 96 மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தியிருந்தனர். அவர் எண்ணினார், அணுக்கள் துடித்தன, அத்துடிப்புகளைக் கணிப்பொறி கூட்டித் திசை கண்டது, அருகில் இருந்த இயந்திரக் கை நகர்ந்து ஒரு புட்டியைப் பற்றி அவர் வாயருகே கொணர்ந்தது. 15 ஆண்டுகளில் முதன்முறையாக, பிறர் உதவியின்றித் தம் விருப்பப்படி அவர் பருகினார். பருகியது என்ன தெரியுமா? காப்பி! அச்செய்தியைப் படித்த அன்று, என் தந்தையாரின் திண்ணையும் டம்ளரும் என் கண்முன் வந்து நின்றன. எட்டு விளக்குகளைச் சுற்றி ஒரு குரங்கு கையை நகர்த்தியதில் என்ன பயன் என்று 1982-இல் யாரேனும் கேட்டிருந்தால், அதற்கு விடை இந்தக் காப்பிதான்.

இக்கருவிகள் இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளன; நம் ஊர் மருத்துவமனைகளில் நாளையே கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு செயல்கள் இன்றே நம் கையில் உள்ளன. முகம் கோணுதல், ஒரு கை தொய்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் ஒரு கணமும் தாழ்த்தாமல் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். குருதி உறைந்து அடைத்ததனால் வந்த வாதமாயின் அதைக் கரைக்கும் மருந்து உண்டு. பொதுவாக முதல் நாலரை மணி நேரத்திற்குள் அதைச் செலுத்த வேண்டும். அடுத்து, வாதத்தால் விழுந்தவரிடம் "மனம் வைக்கவில்லை" என்று ஒருபோதும் கூறாதீர்கள். பயிற்சி கொடுங்கள், பொறுமையோடு துணை நில்லுங்கள், அவர் மனத்தின்மேல் பழி சுமத்தாதீர்கள்.

திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' என்று ஓர் அதிகாரமே உண்டு. ஆராய்ந்து செயலில் இறங்கும் அந்நெறியை நம் மூளை ஒவ்வோர் அரை வினாடியிலும் தன் போக்கில் கடைப்பிடித்து வருகின்றது. அங்கே தனியொருவன் ஆணை இல்லை. மாறுபட்ட குரல்களும் கேட்கப்படுகின்றன, சான்றுகள் நிறுக்கப்படுகின்றன, முடிவான பின் யாவும் ஒரு திசையில் இழுக்கின்றன. பல ஊர்களிலிருந்து இங்கு வந்து, பல கருத்துகளோடு ஆண்டுதோறும் ஒரே தேரை இழுக்கும் நம் சங்கத்திற்கு இதைவிட நல்ல உவமை எனக்குக் கிட்டவில்லை.